போப் இரண்டாம் சில்வெஸ்டர் பூஜ்ஜியத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனாரா?

கேள்வி இது: "கி.பி. 1000 வாக்கில் போப்பாக இருந்த இரண்டாம் சில்வெஸ்டர் இந்திய எண்களையும் பூஜ்ஜியத்தையும் அரபிகளிடம் கற்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார், அதனால்தான் அவரை மந்திரவாதி என்று பழித்தார்கள், திருச்சபையும் அந்த எண்களைத் தடை செய்தது என்கிறார்களே, உண்மையா?" ஒரே மூச்சில் கேட்டிருந்தாலும் இதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. எண்களை அவர் கொண்டுபோனாரா, மந்திரவாதிப் பட்டம் அதனால்தான் வந்ததா, தடை என்று ஒன்று நடந்ததா. ஒன்பது எண்குறிகளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார் என்பது சரி. பூஜ்ஜியத்தைக் கொண்டுபோகவில்லை, அவர் கணக்குப் போட்ட முறைக்கு அது தேவையே படவில்லை. மந்திரவாதிக் கதை அவர் இறந்து சுமார் 80 ஆண்டு கழித்து, முற்றிலும் வேறொரு சண்டையில் கிளம்பியது. தடைக்கு ஆதாரம் கிடையாது. நான் கணித வரலாற்றுப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். திருச்சபைச் சட்ட நுணுக்கங்களைத் தொட்டும் தொடாமலும்தான் போவேன்.

முதலில் இவரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும் என்பது. இரண்டு நல்ல சான்றுகள் உண்டு. ஒன்று, அவரே எழுதிய கடிதங்கள், 200க்கும் மேல். மற்றொன்று, ரிஷே என்ற துறவி எழுதிய வரலாறு. ரிஷே அவருடைய மாணவர். தன் கையால் எழுதிய படியே ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் இன்னும் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு மனிதர் ஒருவருக்கு இவ்வளவு கிடைப்பது அபூர்வம். ஆக, இவரைப் பற்றி ஏதாவது படித்தால் அது கடிதத்தில் இருக்கிறதா, ரிஷேவிடம் இருக்கிறதா, இல்லை நூறு வருஷம் கழித்து யாரோ சொன்னதா என்று பார்த்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இயற்பெயர் கெர்பர்ட். தெற்குப் பிரான்சின் ஓவெர்ன் பகுதியில், 945க்கும் 950க்கும் இடையில் பிறந்தவர். பெரிய குடும்பம் இல்லை. ஓரியாக் என்ற ஊரின் புனித ஜெரால்டு மடத்தில் வளர்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். 967ல் பார்சலோனா கோமகன் போரெல் அந்த மடத்துக்கு வந்தார். உங்கள் நாட்டில் கலைகளில் தேர்ந்தவர்கள் இருக்கிறார்களா என்று மடத்துத் தலைவர் கேட்க, அவர் ஆமாம் என்க, இந்தப் பையனைக் கூட்டிப்போய்ப் படிக்கவையுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். வடகிழக்கு ஸ்பெயினின் கட்டலோனியாவில் விக் நகர ஆயர் ஆத்தோவிடம் கெர்பர்ட் கணிதம் படித்தார். இவ்வளவும் ரிஷே சொல்வது, சந்தேகிக்கக் காரணம் இல்லை.

முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான கோர்டோபாவுக்கே போய் முஸ்லிம் ஆசான்களிடம் நேரில் படித்தார் என்பது வேறு சமாச்சாரம். அதேமார் என்ற துறவி பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படி எழுதினார். ரிஷே ஒரு வார்த்தை சொல்லவில்லை, கெர்பர்ட்டின் கடிதங்களிலும் இல்லை. அரபு மொழி அவருக்குத் தெரியும் என்பதற்கும் சான்று கிடையாது. ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. கட்டலோனியா அன்று எல்லைப்புற நாடு, கோர்டோபாவோடு தூதுப் போக்குவரத்து இருந்தது. விக் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ரிப்போல் மடத்தின் கையெழுத்துப் படி ஒன்றில் வானியல் கருவிகள் பற்றி அரபு வழி வந்த லத்தீன் குறிப்புகள் உள்ளன. ஸ்பெயினை விட்டு வந்து சுமார் பதினான்கு வருஷம் கழித்து, 984ல், கெர்பர்ட் இரண்டு கடிதங்கள் எழுதுகிறார். பார்சலோனா லுபிட்டஸ் என்பவரிடம், நீங்கள் மொழிபெயர்த்த வானநூலை அனுப்புங்கள் என்று கேட்கிறார். ஜிரோனா ஆயர் மீரோவிடம், 'ஸ்பெயின்காரர் யோசேப்பு' எழுதிய பெருக்கல் வகுத்தல் நூலைக் கேட்கிறார். சரக்கு எங்கே கிடைக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

எண்குறிகள் விஷயத்தில் அவர் முதல் ஆள்கூட இல்லை. வட ஸ்பெயினில் ரியோஹா பகுதியின் அல்பெல்டா மடத்தில் 976ல் முடிக்கப்பட்ட ஒரு கையெழுத்துப் படியில் ஒன்பது எண்குறிகளும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. கிறிஸ்தவ ஐரோப்பாவில் நமக்குக் கிடைத்துள்ளவற்றில் தேதி தெரிந்த மிகப் பழைய சான்று அதுதான். அந்தத் துறவி எண்களை இடமிருந்து வலமாக 9, 8, 7 என்று இறங்கு வரிசையில் எழுதியிருக்கிறார்; வலமிருந்து இடமாக எழுதும் அரபு மூலத்தைப் பார்த்துப் படியெடுத்ததன் அடையாளம் அது. இந்தியர்கள் மிக நுட்பமான அறிவுடையவர்கள், எண்கணிதத்திலும் வடிவியலிலும் மற்றவர்கள் அவர்களுக்கு அடுத்தபடிதான், இந்த ஒன்பது குறிகளே அதற்குச் சாட்சி என்ற பொருளில் கூடவே ஒரு குறிப்பும் எழுதினார். அரபிகள் கண்டுபிடித்த எண்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்பதுதான், பத்தாவது குறி இல்லை. பிரம்மகுப்தர் 628லேயே பூஜ்ஜியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி எழுதிவிட்டார், ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் கணித அறிஞர் அல் குவாரிஸ்மி அந்த முறையை அரபியில் விளக்கியும் விட்டார். இருந்தும் ஸ்பெயின் வழியாக முதலில் கசிந்து வந்தது குறிகள் மட்டுமே, முறை அல்ல.

இனி பலகைக்கு வருவோம். 972 வாக்கில் கெர்பர்ட் தர்க்கம் படிக்க வட பிரான்சின் ரைம்ஸ் நகரத்துக்குப் போனார். கொஞ்ச நாளிலேயே அங்கே பேராலயப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆகிவிட்டார். பிற்காலத்தில் பிரான்சின் மன்னரான ராபர்ட்டும் அவரிடம் படித்தவர்தான். அங்கே அவர் ஒரு கணக்குப் பலகை செய்வித்தார். அபாகஸ் என்றதும் கம்பியில் மணி கோத்த சட்டம் நினைவுக்கு வரும், அது வேறு. கேடயம் செய்யும் கைவினைஞர் ஒருவரைக் கொண்டு பலகை செய்து, அதை நீளவாக்கில் 27 பத்திகளாகப் பிரித்தார் என்கிறார் ரிஷே. கொம்பில் செதுக்கிய 1000 வில்லைகளும் செய்யப்பட்டன, ஒவ்வொன்றிலும் ஒன்பது குறிகளில் ஏதாவது ஒன்று. எக்டர்னாக் மடத்திலிருந்து வந்து இப்போது லக்ஸம்பர்க் தேசிய நூலகத்தில் இருக்கும், ஏறக்குறைய அதே காலத்துத் தோல் தாள் ஒன்றில் இதே 27 பத்திப் பலகை வரையப்பட்டிருக்கிறது. ரிஷே சொன்னது வெறும் புகழ்ச்சி அல்ல என்பதற்கு அது போதும்.

பத்திகளின் தலையில் ரோமானிய எழுத்துகள். வலக்கோடியில் ஒன்றின் இடம், அதற்கு இடப்பக்கம் பத்து, பிறகு நூறு, ஆயிரம் என்று போகும். மூன்று மூன்று பத்திகளுக்கு மேலே ஒரு வளைவு. இன்று மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வைப்பதுபோல. இதற்கு முந்திய ரோமானிய வழக்கத்தில் பத்தின் இடத்தில் ஏழு என்றால் கூழாங்கற்களை எண்ணி வைக்கவேண்டும். கெர்பர்ட் பலகையில் '7' என்று செதுக்கிய ஒரே வில்லையை வைத்தால் போதும். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் அந்த வில்லை எந்தப் பத்தியில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஏழாகவும், எழுபதாகவும், எழுநூறாகவும் ஆகிறது. இடமதிப்பு என்ற கருத்து லத்தீன் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது இப்படித்தான்.

46ஐ 23ஆல் பெருக்கிப் பார்ப்போம். ஒரு எண்ணைப் பலகையின் மேல்பக்கமும் மற்றதைக் கீழ்ப்பக்கமும் வைத்துக்கொண்டு, விடையை நடுவில் சேர்க்கவேண்டும். மூவாறு பதினெட்டு: ஒன்றின் பத்தியில் 8, பத்தின் பத்தியில் 1. அடுத்து மூன்று ஒன்றுகளை நான்கு பத்துகளோடு பெருக்கினால் பன்னிரண்டு பத்துகள், ஆகவே பத்தின் பத்தியில் 2, நூறின் பத்தியில் 1. இரண்டு பத்து, ஆறு ஒன்று: மறுபடி பன்னிரண்டு பத்துகள், அதே பத்திகளில் இன்னொரு 2, இன்னொரு 1. கடைசியாகப் பத்தைப் பத்தால் பெருக்கினால் நூறு; இருநான்கு எட்டு, நூறின் பத்தியில் 8. கெர்பர்ட் தன் நண்பரான ஃப்ளூரி மடத்துத் துறவி கான்ஸ்டன்டைனுக்கு எழுதிக்கொடுத்த விதிகளில் பாதிக்குமேல் இதுதான்: எந்தப் பத்தியை எந்தப் பத்தியால் பெருக்கினால் விடை எங்கே போய் விழும் என்ற பட்டியல். இப்போது பத்தியைச் சுத்தம் செய்யவேண்டும். பத்தின் பத்தியில் 1, 2, 2. மூன்றையும் எடுத்துவிட்டு ஒரு 5. நூறின் பத்தியில் 1, 1, 8. கூட்டினால் பத்து, மூன்றையும் எடுத்துவிட்டு ஆயிரத்தின் பத்தியில் ஒரு 1. நூறின் பத்தி வெறுமையாக நிற்கிறது. விடை 1058.

உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்த வெற்றுப் பத்தியில்தான் இருக்கிறது. கோடு போட்ட பலகையில் இடம் காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும். அதற்கு ஒரு குறி எதற்கு? கோடுகளே பூஜ்ஜியத்தின் வேலையைச் செய்துவிடுகின்றன. சிக்கல், விடையைப் பலகையிலிருந்து தாளுக்கு எடுக்கும்போதுதான் வரும். கோடு இல்லாமல் மூன்று குறிகளை மட்டும் எழுதினால் 158 ஆகிவிடும். அதனால் கெர்பர்ட்டின் மாணவர்கள் விடையைப் பழையபடி எம்.எல்.வி.ஐ.ஐ.ஐ என்று ரோமானிய எழுத்தில்தான் எழுதிவைத்தார்கள். எண்குறிகள் பலகையை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு எதிர்வாதம் வரும். பதினோராம் நூற்றாண்டுப் படிகளில் வில்லைகளுக்குப் பெயர்கள் உண்டு: நான்குக்கு அர்பாஸ், ஐந்துக்கு குயிமாஸ், எட்டுக்கு தெமெனியாஸ் என்று அரபு வாடை தெளிவாக அடிக்கும் பெயர்கள். அவற்றோடு பத்தாவதாக 'சிபோஸ்' என்று ஒரு வட்ட வில்லையும் சில படிகளில் வருகிறது. இதோ பூஜ்ஜியம் என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லான் நகர ஆசிரியர் ராதுல்ஃப் அதன் உபயோகத்தை எழுதிவைத்திருக்கிறார்: பெருக்கும்போது இப்போது எந்தப் பத்தியில் நிற்கிறோம் என்று தடம் தவறாமல் இருக்க நகர்த்திக்கொண்டே போகும் அடையாள வில்லை அது. எண்ணின் உறுப்பு அல்ல. தவிர, கெர்பர்ட்டின் சொந்த எழுத்தில் அது வருவதும் இல்லை. ஆகவே அவர் பெயரில் பூஜ்ஜியத்தைப் பதிவு செய்ய முடியாது. எண்களை எழுதிக் கணக்குப் போடும் முறை, பூஜ்ஜியத்தோடு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல் குவாரிஸ்மியின் நூல் லத்தீனுக்கு வந்த பிறகு வந்தது. வணிகர்களிடம் பரவியது 1202ல் பீசா நகரத்து லியோனார்டோ, அதாவது ஃபிபொனாச்சி, தன் பெரிய நூலை எழுதிய பிறகு.

பெருக்கல் இவ்வளவு சுலபம் என்றால் பலகை ஏன் கடைத்தெருவைப் பிடிக்கவில்லை? வகுத்தலைச் செய்து பாருங்கள், தெரியும். வகுக்கும் எண்ணை அடுத்த பத்துக்கு உயர்த்தி, வித்தியாசத்தைத் திருப்பிச் சேர்ப்பது அவர்கள் முறை. 60ஐ 8ஆல் வகுக்கவேண்டும் என்றால் 8க்குப் பதில் 10, வித்தியாசம் 2. அறுபதில் பத்து ஆறு தடவை. ஈவு 6, அதிகமாக எடுத்த 12ஐத் திருப்பிச் சேர். பன்னிரண்டில் பத்து ஒரு தடவை. ஈவில் இன்னும் 1, மிச்சம் 2, திருப்பிச் சேர்ப்பது 2, ஆக 4. எட்டுக்குக் கீழே வந்துவிட்டது, நிறுத்து. ஈவு 7, மீதி 4. இதில் ஊகிக்கவேண்டியது எதுவும் இல்லை, பத்தால் வகுக்கத் தெரிந்தால் போதும் என்பது வசதி. ஆனால் வகுக்கும் எண் பத்தைவிட்டு விலக விலகச் சுற்றுகள் பெருகும். 1000ஐ 6ஆல் வகுத்தால் வித்தியாசம் 4. ஈவு 100, மிச்சம் 400. ஈவு 40, மிச்சம் 160. ஈவு 16, மிச்சம் 64. ஈவு 6, மிச்சம் 28. ஈவு 2, மிச்சம் 16. ஈவு 1, மிச்சம் 10. ஈவு 1, மிச்சம் 4. ஏழு சுற்று போன பிறகுதான் 166 மீதி 4 கிடைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பழைய வில்லையை எடுத்து, ஆயிரம் வில்லைக் குவியலில் சரியான குறியைத் தேடி வைக்கவேண்டும். ஒரு வில்லையை எடுக்க மறந்தால் கணக்கு கெட்டது, எங்கே கெட்டது என்று திரும்பிப் பார்க்கத் தடயமும் இருக்காது. இதற்கு 'இரும்பு வகுத்தல்' என்று அந்தக் காலத்திலேயே பெயர். வியர்வை சொட்டும் கணக்கர்களுக்கே அவருடைய விதிகள் அரைகுறையாகத்தான் புரிகின்றன என்று பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆங்கில வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதினார்.

கூழாங்கல்லில் கூட்டுவது என்றால் இரண்டு குவியலைத் தள்ளிச் சேர்த்தால் முடிந்தது. வில்லையில் ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று மனப்பாடமாகத் தெரிந்திருக்கவேண்டும். கடைக்காரர் பார்வையில் இது முன்னேற்றமே இல்லை. வில்லை வட்டமானது என்பதால் இன்னொரு வில்லங்கமும் வந்தது: தலைகீழாகவோ பக்கவாட்டிலோ வைத்துவிட்டால் குறியின் உருவம் மாறித் தெரியும். அந்த நூற்றாண்டுப் படிகளில் ஒரே எண்குறி பல கோணங்களில் திரும்பியிருப்பதற்கு இதுவே காரணம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். நிரூபணம் இல்லை, ஆனால் நம்பும்படியான ஊகம்.

பலகையைவிட அவருடைய வானியல் பாடம்தான் என் பார்வையில் உயர்ந்தது. கான்ஸ்டன்டைனுக்கு எழுதிய இன்னொரு கடிதத்தில் வானக் கோளம் செய்யும் வழி இருக்கிறது. உருண்டையைச் சுற்றி ஒரு கோடு போட்டு 60 பங்காகப் பிரி. துருவத்தில் காம்பஸின் ஒரு காலை ஊன்றி, மறு காலை ஆறாவது பங்கில் வைத்து வட்டமிடு. அது வடதுருவ வட்டம். பதினோராவது பங்கில் அடுத்த வட்டம். அது கடக ரேகை. பதினைந்தில் நடுக்கோடு. ஒரு பங்கு 6 பாகை என்பதால் கடக ரேகை நடுக்கோட்டிலிருந்து 24 பாகை தள்ளி விழும். அன்றைய உண்மை மதிப்பு இருபத்து மூன்றரைக்குச் சற்றே மேல். மரக் கோளத்துக்கு இது தாராளமான துல்லியம். பிறகு அரைக்கோளம் ஒன்றில் அரை அடி நீளமுள்ள ஏழு குழாய்களைப் பொருத்தி, அவற்றின் வழியாக வானத்தைப் பார்க்கச் சொல்கிறார். குழாயில் கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது. வேறு வெளிச்சம் கண்ணில் படாமல் பார்வையை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் அதன் வேலை. இவர் தொலைநோக்கி கண்டுபிடித்தார் என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

துருவ நட்சத்திரம் எது என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்: ஒரு குழாயை அசையாமல் நிறுத்து, நீ துருவம் என்று நினைக்கும் நட்சத்திரத்தை அதன் வழியே பார், அதுதான் என்றால் இரவு முழுக்கத் தெரியும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் குழாயை விட்டு நகர்ந்துவிடும். இந்தச் சோதனை அன்று எவ்வளவு அவசியம் என்பது இன்று வானம் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று உறைக்காது. இன்றைய துருவ நட்சத்திரம் 1000 வாக்கில் துருவத்திலிருந்து சுமார் 6 பாகை விலகியிருந்தது. புவியச்சின் மெதுவான சுழற்சியால்தான் இப்போது அருகில் வந்திருக்கிறது. அன்று அதை நம்பிக் கருவியை நிறுத்தியிருந்தால் எல்லா அளவும் பிசகியிருக்கும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் அவர் ஒரு 'கடிகாரம்' அமைத்தார், குழாய் வழியே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து அதைச் சரியாக நிறுத்தினார் என்று மெர்சபர்க் ஆயர் தீத்மார் எழுதுகிறார். பற்சக்கரக் கடிகாரத்தை அவர் கண்டுபிடித்தார் என்ற பேச்சுக்கு மூலம் அந்த வரிதான். நட்சத்திரம் பார்த்து நிறுத்தியது என்றால் அது சூரியக் கடிகாரமாகவோ இரவில் மணி பார்க்கும் கருவியாகவோ இருந்திருக்கவேண்டும். பற்சக்கரம் ஐரோப்பாவில் வர இன்னும் கிட்டத்தட்ட 300 ஆண்டு இருக்கிறது.

கோளங்களை அவர் பண்டமாற்றும் செய்தார். ட்ரியர் நகரத் துறவி ரெமிஜியசுக்கு, ஸ்டாடியஸ் என்ற ரோமானியக் கவியின் அக்கிலீஸ் காவியத்தைப் படியெடுத்துத் தந்தால் குதிரைத் தோல் போர்த்திய கோளம் தருவதாக வாக்குக் கொடுத்தார். வந்த படி முடிவில்லாமல் நின்றதால் மனக்குறைப்பட்டார். பாவம் ரெமிஜியஸ் என்ன செய்வார், கவிஞரே அதை முடிக்காமல்தான் செத்துப்போனார்.

அதல்போல்டு என்பவருக்கு எழுதிய ஒரு விளக்கமும் சொல்லத் தகுந்தது. பக்கம் 7 அடி உள்ள சமபக்க முக்கோணத்துக்குப் பழைய நூல்களில் இரண்டு விடை வருகிறதே, எது சரி என்பது அவருடைய குழப்பம். ஒரு விதிப்படி ஏழை எட்டால் பெருக்கிப் பாதியாக்கினால் 28. கெர்பர்ட் சொல்வது, பக்கத்தில் ஏழில் ஒரு பங்கைக் கழி, 6 வரும், அதுதான் உயரம். ஏழாறு நாற்பத்திரண்டில் பாதி 21. இன்றைய கணக்கில் 21.2. முதல் விதி எங்கே தப்புகிறது என்றும் காட்டுகிறார்: அது ஓரடிச் சதுரங்களைப் படிக்கட்டாக அடுக்கி எண்ணுகிறது, முக்கோணத்தின் சாய்ந்த ஓரத்துக்கு வெளியே துருத்தும் துண்டுகளையும் முழுசாகச் சேர்த்துவிடுகிறது. விடையைத் திருத்துவதோடு நிற்காமல் தவறின் காரணத்தைக் காட்டும் இந்தக் குணம்தான் அவரை அந்தக் காலத்து மற்ற ஆசிரியர்களிடமிருந்து பிரிக்கிறது.

ஆனால் அவர் காலத்தவர்கள் அவரைப் பற்றிச் சண்டை போட்டது கணக்குக்காக அல்ல, பதவிக்காக. பேரரசர் இரண்டாம் ஓட்டோ அவரை இத்தாலியின் பொபியோ மடத்துக்குத் தலைவராக்கினார். நிலங்களெல்லாம் உள்ளூர்ப் பிரபுக்கள் கையில் போயிருந்தன. 983 டிசம்பரில் ஓட்டோ இறந்ததும் அங்கே நிற்க முடியாமல் ரைம்சுக்குத் திரும்பினார். 987ல் ஹூயூ கப்பேயைப் பிரான்சின் அரியணையில் ஏற்றியதில் ரைம்ஸ் பேராயர் அதல்பெரோவுக்குப் பெரும் பங்கு. செயலாளராகக் கடிதம் எழுதியவர் கெர்பர்ட். 989ல் அதல்பெரோ இறந்தபோது பதவி தனக்கு வரும் என்று எதிர்பார்த்திருப்பார். அது பழைய அரசகுலத்து அர்னுல்ஃபுக்குப் போனது. அர்னுல்ஃப் நகரை எதிரணியிடம் காட்டிக்கொடுத்தார் என்று 991ல் ஆயர்கள் கூடி அவரை நீக்கி, கெர்பர்ட்டை அமர்த்தினார்கள். ரோமைக் கேட்காமல் பேராயரை நீக்க இவர்கள் யார் என்று போப் தரப்பு எதிர்த்தது. அந்தக் கூட்டத்தில் ரோமின் சீர்கேட்டைப் பற்றிக் காரசாரமாகப் பேசப்பட்டது. அந்த நடவடிக்கைக் குறிப்புகளைத் தொகுத்து எழுதியவரே கெர்பர்ட்தான். பல வருஷ இழுபறியில் ரைம்ஸ் கைநழுவிப்போக, 997ல் இளம் பேரரசர் மூன்றாம் ஓட்டோவின் அரசவைக்குப் போனார். எனக்கு எண்கணிதம் கற்றுத்தாருங்கள் என்று ஓட்டோவே எழுதி அழைத்த கடிதம் இருக்கிறது. 998ல் ரவென்னா பேராயர், 999 ஏப்ரல் 2ல் போப். பிரெஞ்சு மண்ணிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள்.

கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்து போப்பின் பெயர் சில்வெஸ்டர். பேரரசரும் போப்பும் சேர்ந்து நடப்போம் என்ற திட்டத்தை அந்தப் பெயரிலேயே அறிவித்துவிட்டார். பதவிக்கு வந்ததும் செய்தவற்றில் ஒன்று, அதே அர்னுல்ஃபை ரைம்ஸ் பேராயராக உறுதிப்படுத்தியது. நேற்றுவரை ரோமுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று வாதாடியவர், இன்று ரோமின் அதிகாரத்தால் பழைய எதிரிக்குப் பதவி தருகிறார். பெருந்தன்மை என்பார்கள் சிலர். எனக்கு அதில் சாமர்த்தியம்தான் அதிகம் தெரிகிறது. அர்னுல்ஃப் நீக்கம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிக்கொள்ளாமலே, கொடுக்கும் கை ரோமின் கை என்று நிலைநாட்டிவிட்டார்.

போப்பாக இருந்தது நான்கே ஆண்டு. நிலைத்து நின்றது கிழக்கு ஐரோப்பாவில் செய்ததுதான். 1000ல் போலந்தின் க்னியெஸ்னோ தனிப் பேராயர் பீடம் ஆனது, ஹங்கேரிக்கு எஸ்டெர்கோம். ஜெர்மன் ஆயர்களுக்குக் கீழ்ப்படாமல் இரண்டு நாடுகளும் நேரடியாக ரோமோடு இணைந்தன. ஹங்கேரியின் முதல் அரசர் ஸ்டீபனுக்கு இவர் கிரீடம் அனுப்பினார் என்பது பிரபலமான செய்தி. அதைச் சொல்லும் வரலாறு நூறாண்டு பிந்தியது, இன்று புடாபெஸ்டில் இருக்கும் கிரீடமும் பிற்காலத்து வேலைப்பாடு. 1001ல் ரோமானியர்கள் கலகம் செய்து பேரரசரையும் போப்பையும் நகரைவிட்டு விரட்டினார்கள். 1002 ஜனவரியில் ஓட்டோ இறந்தார். சில்வெஸ்டர் திரும்பிவந்து, 1003 மே 12ல் ரோமில் இறந்தார், லாத்தரன் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 999ன் கடைசி இரவில் உலகம் அழியப்போகிறது என்று மக்கள் கதற, இவர் நள்ளிரவுத் திருப்பலி நடத்தினார் என்பதெல்லாம் பல நூற்றாண்டு பிந்திய கற்பனை.

மந்திரவாதிப் பட்டத்தைக் கட்டியவர் பெனோ என்ற கர்தினால். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போப் ஏழாம் கிரகோரிக்கும் பேரரசருக்கும் பெரும் மோதல் நடந்தது. பெனோ எதிர் போப்பின், அதாவது பேரரசர் தரப்பு போட்டியாக நிறுத்திய போப்பின் ஆள். கிரகோரி ஒரு சூனியக்காரர் என்று எழுதவேண்டும், அதற்கு ஒரு குரு பரம்பரை வேண்டும். அதன் தலையில் கெர்பர்ட்டை உட்காரவைத்தார். எருசலேமில் திருப்பலி செய்யும்வரை சாகமாட்டாய் என்று பேய் வாக்குக் கொடுத்ததாம். ரோமிலேயே 'எருசலேம்' என்ற பெயரில் ஒரு கோவில் இருப்பதை மறந்து அங்கே திருப்பலி செய்து மாட்டிக்கொண்டாராம். எண்குறிகளைப் பற்றி இதில் ஒரு பேச்சும் இல்லை. 1125 வாக்கில் மாம்ஸ்பரி வில்லியம் இதற்குக் கை கால் வைத்தார். ஸ்பெயினில் ஆசானின் தலையணைக்கு அடியிலிருந்து நூலைத் திருடிக்கொண்டு ஓடுகிறார்; நட்சத்திரம் பார்த்துத் துரத்தும் ஆசானுக்குத் தட்டுப்படாமல் இருக்க, மண்ணிலும் படாமல் தண்ணீரிலும் படாமல் பாலத்துக்கு அடியில் தொங்குகிறார்; கேட்டால் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் உலோகத் தலை ஒன்றும் செய்துவைத்திருக்கிறார். ரசமான கதைகள். ஸ்பெயினும் கணக்கும் இங்கேதான் சூனியத்தோடு ஒட்டவைக்கப்பட்டன, அதற்குள் அவர் இறந்து 120 ஆண்டு ஆகிவிட்டது. உயிரோடு இருந்தபோது அவருடைய விரோதிகள் பதவி ஆசைக்காரர், அடுத்தவர் பீடத்தைப் பிடித்தவர் என்றெல்லாம் திட்டினார்கள். சூனியக்காரர் என்று திட்டியதாக அந்தக் காலத்துச் சான்று எதுவும் இல்லை. அவருக்குப் பின் சில ஆண்டுகளில் போப்பான நான்காம் செர்ஜியஸ் கல்லறையில் பொறித்த புகழ்ச்சிக் கவிதையே இன்னும் லாத்தரனில் இருக்கிறது.

மிஞ்சியிருப்பது தடை. பலகைக் கணக்கு நூல்களைப் பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளில் படியெடுத்தவர்களும் கற்பித்தவர்களும் பெரும்பாலும் துறவிகளும் பேராலயப் பள்ளி ஆசிரியர்களும்தான். எக்டர்னாக் தாளும் ஒரு மடத்துச் சொத்து. தடை என்று உண்மையிலேயே ஆவணத்தில் இருப்பது 1299ல், ஃபுளோரன்ஸ் நகரில், நாணயம் மாற்றுபவர்களின் சங்கம் போட்ட விதி: உறுப்பினர்கள் கணக்கேட்டில் தொகையை இந்த எண்குறிகளில் எழுதக்கூடாது, வேறு வடிவில் எழுதவேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் மோசடி பயம். பூஜ்ஜியத்துக்கு ஒரு வால் போட்டால் ஆறோ ஒன்பதோ ஆகிவிடும், கடைசியில் ஒரு இலக்கத்தைச் சேர்த்தால் தொகை பத்து மடங்காகும். காசோலையில் இன்றும் தொகையை எழுத்திலும் எழுதச் சொல்வது அதே பயத்தால்தான்.